அவை எழுந்து நிற்கிறது

கடைசி வரியைப் படித்து முடித்தார் அங்கமுத்து. “மறைந்த முன்னாள் உறுப்பினர் திரு. அருளாந்து அவர்களுக்கு மரியாதை செலுத்தும் வகையில் அவை எழுந்து நின்று இரண்டு மணித்துளிகள் மௌனம் காக்கும்.” சொல்லிவிட்டு நாற்காலியின் கைப்பிடியை ஊன்றித் தானும் எழுந்தார். அவை முழுவதும் ஒரே நேரத்தில் எழுகிறபோது வருகிற சத்தம், இருக்கைகள் பின்னால் மடிகிற சத்தம், செருப்புகள் தரைவிரிப்பில் உரசுகிற சத்தம், யாரோ அவசரமாக இருமி அடக்கிக்கொள்கிற சத்தம், எல்லாம் ஓய்ந்ததும் குளிர்சாதனத்தின் உறுமல் மட்டும் மிஞ்சியது. பேரவைத் தலைவராக இந்த உயரமான மேடையில் நின்று எத்தனையோ பேருக்கு இப்படி மௌனம் காத்திருக்கிறார். அவர் உட்கார்ந்தால்தான் மற்றவர்கள் உட்காரலாம், அதுதான் வழக்கம். எதிர்ச்சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் செத்தவருக்கு நிற்கும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்த்தால் நன்றாக இருக்காது என்று முதல் நாளிலேயே அவருக்குத் தோன்றிவிட்டது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். முதன்முதலில் ஜெயித்த தொகுதியின் ஊர்ப் பெயர்களை வடக்கிலிருந்து தெற்காக மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவார், ஆற்றங்கரைக்கு வந்து சேரும்போது மௌனம் முடிந்திருக்கும், உட்கார்ந்துவிடலாம். கரட்டுப்பட்டி, ஒத்தப்பனை, நாகமேடு, சந்தைமேடு. இன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார். ஆனால் இன்றைக்கு ஊர்கள் சீக்கிரம் சீக்கிரமாக வந்தன, வரவேண்டாம் என்று நினைக்க நினைக்க வந்தன, ஏனென்றால் ஆற்றங்கரை வந்து உட்கார்ந்ததும் மேசைமேல் இருக்கிற இன்னொரு தாளை எடுத்துப் படிக்கவேண்டும்.

அதை நினைக்காதே, ஊரைச் சொல். ஒத்தப்பனை. ஒத்தப்பனையில் ஜீப் சேற்றில் மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போய் ஓட்டுக் கேட்டது. கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவனைக் கூப்பிட்டுக் கட்சி திடீரென்று சீட்டைக் கையில் கொடுத்தது, மாவட்டத்தில் இரண்டு பெரிய ஆட்கள் ஒருத்தர் கழுத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டிருந்ததால் இரண்டு பேருக்கும் ஆகாதவனாக இல்லாத ஒருத்தன் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். யாருக்கும் ஆகாதவனாக இல்லாமல் இருப்பது. அதை வைத்துக்கொண்டு எம்.எல்.ஏ., வாரியத் தலைவர், வேளாண்மை அமைச்சர், வருவாய் அமைச்சர், மறுபடி எம்.எல்.ஏ., இப்போது பேரவைத் தலைவர். யாரையும் கடிந்து பேசியதில்லை, யாருக்காகவும் மல்லுக்கு நின்றதும் இல்லை. கோப்பு வந்தால் இரண்டு நாள் வைத்திருந்து காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதிகாரிகளுக்கு அவரைப் பிடிக்கும். ஐயாகிட்ட போனா கத்த மாட்டார் என்பார்கள். நாகமேடு. சந்தைமேடு. சந்தைமேட்டில்தான் அருளாந்தை முதலில் பார்த்தது, எதிர்த்து நின்ற வேட்பாளரை, ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு காய்கறி வண்டிமேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்த பள்ளிக்கூட வாத்தியாரை. கீழே நாற்பது ஐம்பது பேர், ஆனால் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் கூட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தும் அப்படி யாரும் கேட்டதில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. வாக்கு எண்ணிக்கை முடிந்து மாலையோடு வெளியே வந்தபோது அந்த வாத்தியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை கொடுத்தார். “ஜெயிச்சுட்டீங்க. வெள்ளப்பாறை ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் கொண்டாங்க, அப்புறமா மாலை போட்டுக்கலாம்” என்றார். டாக்டர் வர மூன்று வருஷம் ஆயிற்று. வந்த அன்றைக்கு அருளாந்து பஸ் ஏறி வந்து, வீட்டு வாசலில் நின்று, “இப்பப் போட்டுக்கலாம்” என்று கையில் ஒரு கதம்பத்தைக் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

வெள்ளப்பாறை. பெயர் வந்து நின்றுவிட்டது. அடுத்து என்ன ஊர்? வெள்ளப்பாறைக்குத் தெற்கே ஒரு கூட்டுரோடு உண்டு, கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பினால், இடதுபக்கம் திரும்பினால், வரவில்லை. வெள்ளப்பாறை. ஏரிப் பாசனம், நெல்லும் கரும்பும், பாறைக்குப் பக்கத்தில் மாதா கோயில், அதற்குப் பின்னால் வாத்தியார் வீடு. ஒருதடவை அங்கமுத்துவைத் தோற்கடித்துவிட்டு அருளாந்து இதே அவையில் எதிர்வரிசைக்கு வந்தார். அந்த ஐந்து வருஷமும் அங்கமுத்து வாரியத் தலைவராக ஊரில் இருந்தார், இரண்டு பேரும் ராத்திரி ரயிலில் ஒரே பெட்டியில் வந்துபோனார்கள், அருளாந்து கொண்டுவரும் எலுமிச்சைச் சாதத்தை இரண்டு பேரும் தின்றார்கள். வாத்தியாரின் மனைவி தவறிப்போனபோது சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் அங்கமுத்து. மகள் ரோஸ்லினுக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. மாமா என்று கூப்பிடுவாள். பிறகு வக்கீலுக்குப் படித்தாள், அப்பாவைப் போலவே சத்தமில்லாமல் பேசினாள், கேட்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். அவளைக் கட்சிக்குக் கொண்டுவந்தால் தொகுதி கைவிட்டுப் போகாது என்று தலைமைக்குச் சொன்னது அங்கமுத்துதான். நிஜமாகவே அவள்மேல் ஆசையும் இருந்தது, கணக்கும் இருந்தது, எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அருளாந்து ஆறேழு மாசம் பேசவில்லை. பிறகு ஒருநாள் போனில், “உன்னை நம்பி அனுப்பலைப்பா. அவ புத்தியை நம்பி அனுப்புறேன்” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரித்துக்கொண்டுதானே சொன்னார்? குரல் மட்டும்தான் கேட்டது, முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் அதோ நிற்கிறாள். ஆளும் வரிசையில் பின்பக்கம், தூணுக்கு அருகில், வெள்ளைச் சேலை. தலை குனியவில்லை. எல்லோரும் குனிந்து நிற்கிற அவையில் நிமிர்ந்த தலைகள் தெளிவாகத் தெரியும், மேடையிலிருந்து பார்க்கிறவருக்கு மட்டும் தெரியும். ரோஸ்லின் நிமிர்ந்திருக்கிறாள். முன்வரிசையில் முதல்வர் நிமிர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கொறடா இளவழகன் நிமிர்ந்திருக்கிறான். காலையில் இளவழகன்தான் அறைக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்தான். உறுப்பினர் ரோஸ்லினின் தகுதிநீக்கம் குறித்துப் பேரவைத் தலைவர் வழங்கும் தீர்ப்பு. தலைவர் வழங்கும் தீர்ப்பைத் தலைவருக்கு வேறு யாரோ எழுதி, தட்டச்சு செய்து, மேலே ஒரு வெள்ளை உறை போட்டுக் கொடுத்தார்கள். “அண்ணே, இரங்கல் முடிஞ்சதும் இதைப் படிச்சிடுங்க. கேள்வி நேரத்துக்கு முன்னாடியே” என்றான். “அவங்கப்பாவுக்கு இரங்கல் வாசிச்ச கையோடவா?” என்று கேட்டார். “அதுதாண்ணே நல்லது. அந்த நேரத்துல யாரும் கத்த மாட்டாங்க.” அவனுக்கு வயசு நாற்பதுக்குள்தான் இருக்கும், எவ்வளவு அமைதியாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டே தாளைப் பிரித்தார். வெள்ளப்பாறைப் பக்கம் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் சட்டமுன்வடிவு வாக்கெடுப்புக்கு வந்த நாளில், கட்சியின் உத்தரவை மீறி, உறுப்பினர் அவைக்கு வரவில்லை. முன் அனுமதி பெறவில்லை. அவர் கூறும் காரணம் ஏற்கத்தக்கதாக இல்லை.

ஏற்கத்தக்கதாக இல்லை. கூட்டுரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் என்ன ஊர்? முன் அனுமதி பெறவில்லை. வாக்கெடுப்பு நாளன்று காலையில் அவைக்கு வருகிற வழியில் காரை மருத்துவமனைக்கு விடச் சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருளாந்து வாயில் குழாயோடு கிடந்தார், மார்பு மட்டும் யாரோ இழுத்து விடுகிற மாதிரி ஏறி ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரும்பு பெஞ்சில் ரோஸ்லின், தலை வாராமல், முந்தாநாள் கட்டிய சேலையோடு. அவரைப் பார்த்ததும் எழுந்தாள். “இன்னைக்கு ஓட்டெடுப்பு மாமா. நான் வரணுமா?” அவள் வந்தால் எதிர்த்துத்தான் போடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும், கட்சிக் கூட்டத்திலேயே எழுந்து சொல்லியிருந்தாள், ஏரிக்கரை நிலத்தைத் தொடாதீர்கள் என்று. அதற்காகத்தான் அப்படிச் சொன்னாரா, இல்லை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? “இங்கேயே இரும்மா. நான் பார்த்துக்கிறேன்” என்றார். நான் பார்த்துக்கிறேன். தன் வாழ்நாளில் ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை, மனு கொடுக்க வந்தவனுக்கும் வேலை கேட்டு வந்தவனுக்கும் நாக்கில் தானாக வருகிற வார்த்தை. அவள் மட்டும் அதைக் கேட்டுவிட்டு மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயங்காலம் அருளாந்து போய்விட்டார். நிலச் சட்டம் அதற்கு முன்பே நிறைவேறிவிட்டது, இரண்டு பேர் வித்தியாசத்தில். “இளவழகா, அந்தப் பொண்ணுகிட்ட நான்தான் அன்னைக்கு…” என்று காலையில் சொல்ல ஆரம்பித்தார். “தெரியும்ணே” என்றான் இளவழகன். “முதல்வருக்கும் தெரியும். அதனாலதான் நீங்களே படிக்கணும்ங்கிறார்.” போகும்போது மேசைமேல் தண்ணீர் டம்ளரின் மூடி சற்று விலகியிருந்ததைச் சரியாக மூடி வைத்துவிட்டுப் போனான்.

எப்படித் தெரியும்? காரில் டிரைவர் மட்டும்தான் இருந்தான். மருத்துவமனை மாடியில் ஒரு நர்ஸ், பினாயில் வாளியோடு ஒரு பெண், வேறு யாரும் இல்லை. டிரைவர் பத்து வருஷமாக இருக்கிறவன், அவன் மகள் கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் கொடுத்தவர் இவர். இருக்காது. இருக்கலாம். இப்போது அந்தக் காரில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஊன்றிய கையை மாற்றினார். இந்த நாற்காலியில் அவருக்கு முன்னால் இருந்தவர் சோமையா. என்னத்தைச் செய்துவிட்டார், எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தனைக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பேசவிட்டார், முதல்வர் கையைக் காட்டியும் நிறுத்தவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் நாற்காலியில் அங்கமுத்து இருந்தார். பிறகு சோமையாவின் அரிசி ஆலைக்கு அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், ஒருநாள் மின்வாரியம், ஒருநாள் சுகாதாரம், ஒருநாள் ஏதோ அளவைத் துறை. யாரும் மிரட்டவில்லை, எல்லோரும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்களாம். போன தை மாசம் ஒரு கல்யாண மண்டபத்தில் கைகழுவும் இடத்தில் சோமையாவைப் பார்த்தார். ஆள் பாதியாகியிருந்தார். “சாப்பாடு நல்லாருக்கு, இல்ல?” என்றார் சோமையா. “நல்லாருக்குங்க” என்றார் இவர். சுற்றி நின்றவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஈரக்கையைத் துடைக்கக்கூட நிற்காமல் இவர் நகர்ந்துவிட்டார். படித்துவிடலாம். ஒன்றரைப் பக்கம்தான். அவளுக்கு வயசு இருக்கிறது, வக்கீல் தொழில் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போவாள், ஜெயிக்கக்கூட ஜெயிப்பாள். அருளாந்து இல்லை. இல்லாதவருக்கு என்ன தெரியப்போகிறது? படிக்காவிட்டால் நாளைக்கு வேறொருத்தர் படிப்பார், தீர்ப்பு அதேதான், நாற்காலி மட்டும்தான் மாறும். மனைவிக்கு இந்த வயசில் இதெல்லாம் தாங்காது. படித்துவிட்டு, சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய், என்னம்மா செய்யறது என்று சொல்லிவிட்டு வரலாம். அவள் கதவைத் திறப்பாள். உட்காரச் சொல்லுவாள். அதுதான் பயமாக இருக்கிறது. கத்தினால் பரவாயில்லை, அவள் நாற்காலியை எடுத்துப் போட்டு, உட்காருங்க மாமா என்பாள்.

சத்தம் மாறிவிட்டதைத் தாமதமாகத்தான் கவனித்தார். மௌனத்துக்குள் சின்னச் சின்ன அசைவுகள், கால் மாற்றுகிற சத்தம், ஒரு தொண்டைச் செருமல், அதற்குப் பதில்போல இன்னொன்று. குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து மேடையைப் பார்த்தன. மேடைக்குக் கீழே பேரவைச் செயலாளர் நின்றபடியே திரும்பி, கண்ணால் கேட்டார். எவ்வளவு நேரம் ஆயிற்று? கடிகாரத்தைப் பார்க்கலாம், பார்க்கப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் அது தொடங்கிவிடும். உட்காராதவரைக்கும் அருளாந்துக்காக எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், ஏரி நிலத்தை எடுக்கக் கை தூக்கியவர்கள், எதிர்த்தவர்கள், முதல்வர், அத்தனை பேரும் அந்தக் காய்கறி வண்டி வாத்தியாருக்காக நிற்கிறார்கள், அவர் ஒருத்தர் நினைத்தால் நிற்கிறார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பலம் தன் கையில் இருந்தது இன்றைக்குத்தான் தெரிகிறது என்று நினைத்தபோது வியர்த்தது. முதல்வர் தலையை லேசாகச் சாய்த்து இளவழகனிடம் ஏதோ சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. இளவழகன் கைபேசியில் எதையோ அழுத்தினான். பக்கவாட்டுக் கதவுக்கு அருகே அவைக் காவலர்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள், இவ்வளவு நேரம் அங்கே இல்லாதவர்கள். ஆற்றங்கரை இன்னும் வரவில்லை. கூட்டுரோட்டில் இடதுபக்கம் எந்த ஊர் என்று கடைசிவரை தெரியவில்லை. அங்கமுத்து உட்கார்ந்தார்.

அவை மொத்தமும் மூச்சுவிட்டபடி உட்கார்ந்தது. வெள்ளை உறையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்தார். பேசத் தொடங்கியபோது குரல் தனக்கே அடையாளம் தெரியாததாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. “உறுப்பினர் ரோஸ்லின் மீதான தகுதிநீக்க மனுவில் என் தீர்ப்பு. வாக்கெடுப்பு நாளன்று காலை நான் அந்த மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவருடைய தந்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். உறுப்பினர், அவைக்கு வரவேண்டுமா என்று என்னிடம் கேட்டார். அங்கேயே இருக்கும்படி சொன்னது நான். ஆகவே அவர் அனுமதி பெற்றே வராமல் இருந்தார். மனுவைத் தள்ளுபடி…” ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. ஒரு கணம் வாயசைந்து சத்தம் வராத ஆள்போல இருந்தார். பிறகு எழுந்து நின்று, வெறும் தொண்டையால், “மனுவைத் தள்ளுபடி செய்கிறேன்” என்றார். எதிர்வரிசையில் ஒருத்தர் மேசையைத் தட்டினார், பிறகு பலர் தட்டினார்கள். ரோஸ்லின் தட்டவில்லை, அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல்வர் மெதுவாக எழுந்தார். அவருடைய ஒலிவாங்கி வேலை செய்தது. முகத்தில் கோபம் துளியும் இல்லை, அக்கறை மட்டும்தான் இருந்தது. “நம்ம பேரவைத் தலைவர் அண்ணனுக்கு உடம்பு முடியலைன்னு நினைக்கிறேன். மௌனம் முடிஞ்ச பிறகும் ரொம்ப நேரம் தடுமாறி நின்னதை அவையே பார்த்துச்சு. என்ன பேசுறோம்னு தெரியாம பேசுறார், பாவம். முதல்ல அவரை டாக்டர் பார்க்கட்டும். துணைத் தலைவர் வந்து அவையை நடத்தட்டும்.” அங்கமுத்து, “எனக்கு ஒண்ணும் இல்லை” என்றார். ஒலிவாங்கி இல்லாமல் அது அவருக்குப் பக்கத்தில் வந்துவிட்ட காவலர்களுக்கு மட்டும்தான் கேட்டது. “மெதுவா ஐயா, மெதுவா” என்று இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பிடித்தார்கள். அந்த மரியாதையை உதறிவிட்டு நிற்க முடியாது என்பது மூன்றாவது படியில் புரிந்தது.

பக்கத்து அறையில் சோபாவில் உட்காரவைத்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றி, காலைச் சின்ன முக்காலியில் தூக்கி வைத்தார்கள். பேரவை மருத்துவர் வந்தார், இளம்பெண், அவசரத்தில் வந்ததில் மூச்சிரைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் துணைத் தலைவரின் குரல் கேட்டது, எதையோ தாளைப் பார்த்துப் படிக்கிற குரல், பிறகு பெரிய கூச்சல், கூச்சலுக்கு நடுவில் ஒரு பெண்குரல். சத்தம் போடாமல், நிறுத்தி நிறுத்திப் பேசியது. என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. ஆனால் அவள் பேசப் பேசக் கூச்சல் அடங்கியது தெரிந்தது. கொஞ்ச நேரம் ஒரு குரல் மட்டும் கேட்டது. அங்கமுத்து அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றி இறக்கினார், நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், உங்கள் பெயர் என்ன என்று கேட்டார், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். மருத்துவர் சிரித்தபடி பட்டையைக் கழற்றினார். “ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லைங்க ஐயா. பிரஷர், நாடி எல்லாம் நார்மலா இருக்கு.”

கதவோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த இளவழகன் முன்னால் வந்தான்.

“இன்னொரு தடவை பாருங்க டாக்டர்” என்றான்.